எலும்பைச் சுற்றி ஒரு வரப்பு

எக்ஸ்ரே படம் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. எலும்பில் குழியோ கட்டியோ தெரிந்தால் முதலில் அதன் ஓரத்தைத்தான் பார்ப்பேன். சுற்றிலும் வெள்ளைக் கோடு தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அது சாது. மெதுவாக வளர்கிறது, எலும்புக்கு அதை அடைத்துவைக்க நேரம் கிடைத்திருக்கிறது. ஓரமே தெரியாமல் கரையான் அரித்த மாதிரி பரவியிருந்தால் அது பொல்லாதது, புற்றாகக்கூட இருக்கலாம்.

இதை வருகிறவர்களிடம் எப்படிச் சொல்ல? சீவலப்பேரியிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள். பையன் விளையாடி விழுந்ததற்கு எடுத்த படத்தில், காலெலும்பில் சாதுவான ஒரு குழி இருந்தது. "பாருங்க, சுத்தி வரப்பு இருக்கு. வரப்பு இருந்தா பயமில்ல" என்றேன். அவள் முகம் தெளிந்தது. எனக்கே அந்தப் பேச்சு பிடித்துப்போய், பிறகு எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில வருடம் கழித்து அதே அம்மா மகளைக் கூட்டிவந்தாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. முழங்காலுக்கு மேலே வீக்கம்.

"இவ அண்ணனுக்கு இருந்ததுதான் டாக்டரம்மா. அதான் பயப்படல. நாட்டு வைத்தியர்ட்ட எண்ணெ போட்டு உருவிக் கட்டுனோம். ராத்திரியெல்லாம் வலிக்குன்னு அழுதா. சரி, உங்ககிட்ட ஒரு எட்டு காட்டிருவோம்னு வந்தேன்."

வீங்கின இடத்தைப் போய் உருவினார்களே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்பட? அண்ணனுக்கு ஒன்றுமில்லை என்றால் தங்கைக்கும் ஒன்றுமில்லை என்று நம்பிவிட்டார்கள்.

படம் திரையில் வந்தது. தொடையெலும்பின் கீழ்முனையில் எது எலும்பு, எது நோய் என்று பிரிக்க முடியவில்லை. எலும்பின் மேலுறை தூக்கிக்கொண்டு, முள்முள்ளாகச் சதைக்குள் நீட்டியிருந்தது. சதையெடுத்துச் சோதிக்காமல் பெயர் சொல்லக்கூடாது. பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது.

பிள்ளையை வெளியே உட்காரவைத்துவிட்டு அம்மா மட்டும் உள்ளே வந்தாள். "இனி கால்ல யாரும் கை வைக்கக்கூடாது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. திரையில் விரலை வைத்து, எலும்பைச் சுற்றிப் பைய நகர்த்தினாள்.

"வரப்பு எங்கன இருக்கு டாக்டரம்மா?"

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன்.

"என் கண்ணுக்குத்தான் தெரியலையோ என்னமோ" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடியும் தேடினாள்.