இடப்பையில் ஒரு புளியங்கொட்டை

சங்கரன்கோவில் ரதவீதியில் தினமும் காலையில் நடந்த அந்தப் பருத்த மனிதர், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையைக் கால்சட்டையின் இடப்பையிலிருந்து வலப்பைக்கு மாற்றுவார். எடை குறைந்தால்தான் மூட்டு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். பன்னிரண்டு கிலோ குறைந்தவர், ஒருநாள் டீக்கடையில் என்னிடம் நொந்துகொண்டார்.

“ரெண்டு மாசமா தொண்ணூத்தஞ்சுலயே நிக்கு அண்ணாச்சி. விட்டுரலாமான்னு தோணுது.”

“ஒம்ம உடம்பு வாகு அது. பேசாம வடையத் தின்னும் வே!” என்றேன்.

கடையே சிரித்தது. அவரும் சிரித்தபடி வடையைத் தின்றார். பிறகு வலப்பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துத் திரும்ப இடப்பையில் போட்டார்.

“வடைக்கு ஒரு சுத்து கூட. நீங்களும் வாங்களேன்” என்று என் கையிலும் ஒன்றை வைத்தார்.

சர்க்கரைக்காக நடக்கத் தொடங்கிய நான், எடை குறையாமல் நின்ற முதல் மாதமே விட்டுவிட்டவன். அவர் விடாதது பொறுக்காமல்தான் அப்படிப் பேசினேன். அந்தக் கொட்டை இன்னும் என் இடப்பையிலேயே கிடக்கிறது.