குமாரதாஸ் கண்ட ஒளி

"அப்பிடியே குப்புற விழுந்தேன், சகோதரங்களே!" மேடையில் குமாரதாஸ் மண்டியிட்டான். "வெளுப்பான்காலம் நாலு மணி. ரப்பர் தோட்டத்துக்குள்ள பேரொளி. கண்ணு கூசிப்போச்சு."

பந்தல் முழுக்க ஸ்தோத்திரம் எழுந்தது. நாலாவது வரிசையில் பூங்கனி வாயைத் திறக்கவில்லை. மேடையில் அழுகிறவன் அவளுக்குக் கொழுந்தன். கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டுதான் அழ ஆரம்பிப்பான். பெற்ற தாயின் அடக்கத்திலும் அப்படித்தான்.

அருமனைக்கு மேற்கே இருவர் தோட்டமும் ஒட்டிக் கிடந்தன. பூங்கனியின் புருஷன் ரசலையன் பதினொரு வருஷமாக மஸ்கட்டில். முப்பது சென்டில் அறுபது ரப்பர் மரம், அவளே பால் வெட்டினாள். கூலிக்கு ஆள் வைத்தால் பாலைவிடப் பேச்சுதான் அதிகம் வரும் என்பாள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவாள். மகள் பெபிஷாவை நர்சிங் படிக்க வைத்தது அந்த அறுபது மரம்தான்.

போன ஆகஸ்டில் ஒருநாள் எல்லைப் பக்கம் மண் தோண்டும் சத்தம். காட்டுப்பன்றி என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டு நெருங்கினாள். பத்தடியில் நின்று சட்டென்று விளக்கைப் போட்டாள். குமாரதாஸ். கையில் கடப்பாரை, காலடியில் பிடுங்கிய எல்லைக்கல். அலறிக்கொண்டு அவள் நிலத்துக்குள் குப்புற விழுந்தான். எழுந்து திரும்பிப் பாராமல் ஓடினான். அவள் கல்லைப் பழைய குழியிலேயே நட்டாள். குடும்ப நாற்றம் ஊருக்கு எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் தப்பு. மூன்றாம் வாரம் அவன் ஒளி கண்டதாகச் சாட்சி சொல்லிக்கொண்டு வெள்ளைச் சட்டைக்கு மாறிவிட்டான்.

"நான் விழுந்த எடத்துல ஜெபவீடு கட்டணும்னு கர்த்தர் சொன்னாரு," என்றான் இப்போது. "மயினிக்க நிலம். ஆறு சென்டு. மயினி சந்தோஷமா தருவாவ. நாளைக்கு கல்லு போடுதோம்."

ஆன்ஸ்லின் போதகர் அல்லேலூயா என்றார். எல்லாத் தலையும் பூங்கனி பக்கம் திரும்பின. சபை நடுவில் கர்த்தருக்கு இல்லையென்று சொன்ன பெண் அந்த ஊரில் கிடையாது.

தன் மரங்களுக்கிடையே யாரோ கயிறு பிடித்து அளந்திருந்ததை அன்று காலையிலேயே அவள் பார்த்திருந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. எழுந்து, பையிலிருந்து விளக்கை எடுத்து, அவன் முகத்தில் வெளிச்சம் அடித்தாள்.

"ஏலே தாசு, இந்த வெளிச்சமாலே?"

அவன் கையால் கண்ணை மறைத்தான். "மயினி, என்ன காட்டுதிய?"

"அண்ணைக்கு மறைக்க முடியல்ல. கையில கடப்பாரை இருந்துல்லா? எனக்க கல்ல பிடுங்குனியா இல்லியா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"சகோதரி, தேவகாரியத்துல..." என்றார் போதகர்.

"கர்த்தருக்க வெளிச்சம் பட்டவன் எடுத்தத திருப்பிக் குடுப்பான், போதகரே. இவன் அடுத்தவளுக்க ஆறு சென்டு கேக்குதான். எனக்க வெளிச்சம் புதுக்கடையில நானூறு ரூவாய்க்கு வாங்குனது. வேணும்னா அதையும் கொண்டுபோவட்டு. நெலம் தரமாட்டேன்."

போதகர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார்.

மறுநாள் திங்கட்கிழமை. மழை இல்லை. பூங்கனி அறுபது மரத்திலும் பால் வெட்டினாள். கல் போட யாரும் வரவில்லை. போதகர் இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. குமாரதாஸ் குளச்சல் பக்கம் சாட்சி சொல்லப் போயிருப்பதாக அவன் மனைவி ஷைஜா சொன்னாள். பத்து மணிக்குப் பால் உறைய ஆசிட் கலந்து தட்டுகளில் ஊற்றிவிட்டு, பூங்கனி எல்லைக்கல்லைச் சுற்றி அரை மூட்டை சிமெண்ட் போட்டாள்.