லாபம், ரெண்டு, மூணு

அன்று மெசின் அறையில் இருந்தவர்கள்: முதலாளி. மெசின் கம்பெனியிலிருந்து வந்த கோயம்புத்தூர் என்ஜினியர். பழைய இரும்பு எடுக்கும் பாய். அவர் வண்டி வாசலில் நின்றது. என்னோடு பதினெட்டு வருடமாக லேபிள் எண்ணும் அக்கா. நான்.

சிவகாசியில் ஒரு அச்சகம். பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் லேபிள் அடிக்கிறோம். நூறு நூறு கட்டாக விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்குப் போகும். ஒரு கட்டில் கணக்கு பிசகினால் லோடையே திருப்பி அனுப்புவார்கள். எண்ணுவது மெசின். தாளை ஒவ்வொன்றாகத் தள்ளும், நூறு வந்ததும் நிற்கும். நான் கட்டுவேன், அக்கா சரிபார்ப்பாள். மெசினை நிறுத்துவதும் ஓட்டுவதும் பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். முன்னெல்லாம் பிரிண்டர் மாட்டுவார்களே, அந்த அகலமான போர்ட்டில் மெசினின் ஒயர் சொருகியிருக்கும்.

சீசனுக்கு முன்னால் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்தது. அதோடு புரோகிராமும் போனது. அந்தப் புரோகிராம் இப்போது இல்லை, புது மெசின் வாங்குங்கள் என்றது கம்பெனி. புது மெசின் தானே எண்ணும், தானே கட்டும். ஆள் வேண்டாம். பழையது இரும்புக்குப் போனால் நானும் அக்காவும் வீட்டுக்கு. முதலாளி அதை மறைக்கவில்லை.

"மூணு வாரம் குடுங்க அண்ணாச்சி. நானே எழுதுறேன்."

"எதை எழுதுவ தாயி? கல்யாணப் பத்திரிகையா?"

முன்பு பத்து வருடம் அதே அச்சகத்தில் பத்திரிகை டைப் அடித்தவள்தான் நான். ஒன்பதாவது பெயில். இரண்டும் அவருக்குத் தெரியும்.

"எழுதலேன்னா மெசினோட என்னையும் சேத்து பாய் வண்டியில ஏத்திருங்க."

அவர் சிரித்தார். மூன்று வாரம் கிடைத்தது.

ஃபோனில் பார்த்துப் படித்தேன். வேறு டிஸ்க் மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாகச் செலவில்லாத லினக்ஸைப் போட்டேன். முதலில் சாதாரணமாக எழுதிய புரோகிராம், கம்ப்யூட்டர் வேறு வேலையில் இருக்கும்போது தாளைத் தவறவிட்டது. கர்னலுக்குள் எழுத வேண்டும் என்றார்கள் ஃபோன் வீடியோவில். கர்னல் என்றால் பருப்பு என்றது அகராதி. கம்ப்யூட்டரின் உள்பருப்பு, போர்ட்டும் மற்ற எல்லாமும் அதன் கையில். அதற்குள் போய் உட்கார்ந்து ஒரு போர்ட்டை மட்டும் பார்த்துக்கொள்ளும் சின்னப் புரோகிராம், டிரைவர்.

போர்ட்டின் விலாசம் 378. என் டிரைவரை ஏற்றினால், இடம் இல்லை என்றது கம்ப்யூட்டர். பிரிண்டர் போய் எத்தனையோ வருடம். பிரிண்டரின் டிரைவர் இன்னும் அங்கே உட்கார்ந்திருந்தது. அதை இறக்கினேன். என்னுடையது ஏறியது. பிறகு ஒரு வரி தப்பானால் திரை அப்படியே உறைந்துவிடும். ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அணைத்துப் போட்டேன்.

ஒரு மதியம் போர்ட்டுக்கு ஒன்று என்ற எண்ணை அனுப்பினேன். மெசினுக்குள் டக் என்றது. பூஜ்யம் அனுப்பினேன். டக். கைகழுவாமல் எழுந்து பார்த்த அக்கா, "என்னாடி, உசுரு வந்துருச்சா?" என்றாள்.

அடுத்த வாரம்தான் எல்லாரும் கூடிய அந்த நாள்.

தாள் ஓடியது. நின்றது. என்ஜினியர் கட்டை எடுத்து எண்ணினார்.

"நூத்தி ஒண்ணுங்க."

மறுபடி ஓட்டினேன். நூற்றி ஒன்று. நானே எண்ணினேன். நூற்றி ஒன்று.

"இதுக்குத்தான் படிச்சவங்க வேணும்ங்கறது," என்றார் என்ஜினியர்.

"அண்ணாச்சி, ஏத்திரவா?" என்றார் பாய்.

"ஏத்துனா நானும் வருவேன் பாய். எடம் போட்டு வைங்க," என்றேன். நாற்காலியை விட்டு எழவில்லை.

அக்கா பக்கத்தில் வந்தாள். "அதுக்கு எப்படிடி எண்ணச் சொல்லிக் குடுத்த? வாசி."

வாசித்தேன். "மொதத் தாள் வந்தா லாபம். அதுக்கடுத்து ஒண்ணு, ரெண்டு, மூணு. நூறு வந்தா நில்லு."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அப்பா விருதுநகர் மண்டியில் பருப்பு அளந்தவர். அங்கே முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அக்காவும் அப்படித்தான் எண்ணுவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அப்படியே பழகினேன். டிரைவரிலும் அப்படியே எழுதிவிட்டேன்.

"லாபம்னாலும் அதுவும் ஒரு தாளுதானடி. லாபத்துக்குப் பொறவு நான் என்னைக்காவது ஒண்ணு சொல்லியிருக்கனா? ரெண்டுல்ல சொல்லுவேன்!"

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்ஜினியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், "அந்த வார்த்தையத் தூக்கிட்டு முறையா எழுதுங்க. கர்னலுக்குள்ள லாபம் கீபம்னெல்லாம் யாரும் எழுத மாட்டாங்க," என்றார்.

"நான் எழுதுவேன்," என்றேன்.

வார்த்தை இருந்த இடத்தில் இருந்தது. அடுத்திருந்த ஒன்றை அழித்து இரண்டு போட்டேன். டிரைவரை இறக்கி, திரும்ப ஏற்றினேன். கம்ப்யூட்டர் உறையவில்லை. தாள் ஓடி நின்றது.

கட்டுக்கு என்ஜினியர் கை நீட்டினார். முதலாளி தடுத்தார்.

"நீங்க எண்ண வேணாம், இவுகளும் எண்ண வேணாம். பாய் எண்ணட்டும். சரியா இருந்தா மெசின் இங்கனயே கிடக்கட்டும்."

பாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கட்டை மடியில் வைத்து விரலை நனைத்துக்கொண்டார். அவரும் விருதுநகர்க்காரர்தான்.

"லாபம்," என்று முதல் தாளைத் தள்ளினார். "ரெண்டு. மூணு."

நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் விரலைப் பார்த்தேன். கடைசித் தாளைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

நூறு.