மூன்றாவது சிலிண்டர்

பதினாலு வருஷமாக எஞ்சின் செய்கிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிந்தவன் நான். அது பாதிப் பொய். ஓசூரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எனக்கென்று இருந்தது அசெம்பிளி லைனில் ஒரே ஒரு இடம். பிஸ்டனை உள்ளே இறக்க வேண்டும். அதன் கனெக்டிங் ராடுக்கு அடியில் கேப்பை வைத்து இரண்டு போல்ட்டை முறுக்க வேண்டும். பிறகு அடுத்த ஆளிடம் தள்ளிவிட வேண்டும். ஒரு எஞ்சினை நானே ஸ்டார்ட் செய்து அதன் சத்தத்தைக் கேட்டது கிடையாது.

அத்திப்பள்ளியில் ஒருவரிடம், எஞ்சின் செத்துப்போன பழைய ஜப்பான் மாடல் கார் ஒன்று இருந்தது. வேகத்துக்கென்றே செய்த கார். நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று வரை முறுக்கலாம். பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் பேசி முடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு ஷெட்டில் இறக்கினேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஓடற கார் எதுவும் கெடைக்கலியா உங்களுக்கு?" என்றாள்.

ஓடுகிற கார் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஏன் என்று அவளிடம் சொல்லவும் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் லைனில் எனக்கு எதிர்ப்பக்கம் ஒருவன் நின்றான். பாரூர்ப் பக்கத்து ஆள், என்னைவிட நாலு வயது சின்னவன், கான்ட்ராக்ட். அவன் குடும்பத்தில் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகாமல், பேட்ஜ் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிய முதல் ஆள் அவன்தான். அவனை நிரந்தரம் செய்யப்போவதாகவும் பேச்சு இருந்தது. அந்தச் சமயம் பார்த்து போல்ட் முறுக்கும் மெஷின் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் நாங்கள் இருவரும் அளவு காட்டும் டார்க் ரெஞ்சை வைத்துக் கையாலேயே முறுக்கினோம். ஒரு எஞ்சின் அவன், அடுத்தது நான். இதில் இரண்டு சுற்று உண்டு. முதலில் குறித்த அளவுக்கு முறுக்கவேண்டும். பிறகு இன்னொரு கால் வட்டம் திருப்பவேண்டும். இரண்டும் முடிந்த அடையாளமாக போல்ட் தலையில் மஞ்சள் பெயின்ட் மார்க் வைக்கவேண்டும்.

அந்த இரண்டு நாள் எஞ்சின்களில் ஒன்று சோதனை ஓட்டத்தில் தட்டல் சத்தம் போட்டது. பிரித்துப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டரின் இரண்டு போல்ட்டிலும் மஞ்சள் மார்க் இருக்கிறது, இரண்டாவது சுற்று இல்லை. மெஷின் என்றால் பதிவு இருக்கும். கைக்கு ஏது பதிவு? அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "நான் அப்படி விடற ஆள் இல்ல சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். ஆனால் இரண்டு பேர் நிற்கிற இடத்தில் ஒருவன் நானில்லை என்றால் மிச்சம் யார் என்பது குழந்தைக்கும் தெரியும். அவன் என்னைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. மாதக் கடைசியில் கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

அவன்தான் விட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலம் தள்ளினேன். ஆனாலும் சோற்றில் கை வைத்திருக்கும்போது திடீரென்று ஒரு சந்தேகம் வரும், ஒருவேளை நானோ என்று. மெஷின் உதவி இல்லாமல் கையாலேயே ஒரு எஞ்சினை முழுசாகப் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டால் அது ஒழிந்துபோகும் என்று நினைத்தேன். செத்த கார் எனக்கு அதற்குத்தான் வேண்டியிருந்தது.

ஐந்து மாதம், கிடைத்த லீவெல்லாம் ஷெட்டில் போனது. இரும்பு கர்டரில் செயின் பிளாக் மாட்டி எஞ்சினைத் தூக்கினேன். எஞ்சின் பிளாக்கை லேத்தில் கொடுத்து, சிலிண்டர் துளைகளுக்கு போர் அடித்து வாங்கினேன். பிஸ்டன்களை டீசலில் கழுவி, சோறு வடிக்கும் தட்டில் கவிழ்த்து வைத்தேன். அந்தத் தட்டு பிறகு சமையலறைக்குத் திரும்பவே இல்லை. கனெக்டிங் ராடு பூட்டுகிற நாளில் போனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோ எடுத்தேன். 'ஃபேக்டரி ஆள் கையால் பூட்டும் எஞ்சின்' என்று தலைப்புப் போட்டு, கார்ப் பைத்தியங்கள் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் அன்றைக்கே அனுப்பினேன். கொழுப்பு, வேறென்ன.

அது ஸ்டார்ட் ஆனபோது எனக்கு அழுகை வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் பூட்டிய எஞ்சின் என் காதுக்குக் கேட்க ஓடியது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆயிரம் கிலோமீட்டர் மாட்டுவண்டி மாதிரி மெதுவாக ஓட்டினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை உட்கார வைத்துக்கொண்டு தளி தாண்டி ஜவளகிரி ரோட்டில் போனேன். ரோடு காலியாக இருந்தது. ஏழாயிரம் சுற்றுக்கு மிதித்தேன். முதலில் அடியில் ஒரு தட்டல். காலை எடுப்பதற்குள் சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியெல்லாம் ஆயில், வெள்ளைப் புகை. ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கை போகும் அளவு ஓட்டை.

மனைவி இறங்கி ரோட்டோரம் போய் நின்றாள். "நாம ரெண்டு பேரும் உள்ள இருந்தமே" என்றாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று குரூப்பில் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம், குற்றவாளி வேண்டும். லேத்துக்காரர் போரைக் கெடுத்திருப்பார், கடைக்காரன் போலி போல்ட் கொடுத்திருப்பான் என்று குதித்தேன். உடைந்தது மூன்றாவது சிலிண்டர். என் வேலையில் தப்பில்லை என்று நிரூபிக்கத்தான் அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன்.

நாலு சிலிண்டரின் எட்டுப் போல்ட்டுக்கும் முதல் சுற்று முறுக்குகிறேன். உடனே பெயின்ட் பேனாவை எடுத்து எட்டுக்கும் மஞ்சள் மார்க் வைக்கிறேன். பிறகு இரண்டாவது சுற்று: சிலிண்டர் ஒன்று, நாலு, இரண்டு. வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிடும் சத்தம். எழுந்து போகிறேன். திரும்பி வருகிறேன், கையைத் துடைக்கிறேன், எல்லாவற்றிலும் மஞ்சள் இருப்பதைப் பார்க்கிறேன், அடியில் மாட்டும் ஆயில் தொட்டியை எடுக்கிறேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் மார்க், பிறகு முறுக்கு. நேரம் மிச்சம் பிடிக்க லைனில் நானே பழகிக்கொண்ட குறுக்கு வழி. அவன் அப்படிச் செய்ததே இல்லை. ஒவ்வொரு போல்ட்டையும் முழுசாக முடித்து அதற்கப்புறம்தான் மார்க் வைப்பான். எதிரே நின்று தினமும் பார்த்திருக்கிறேன். மார்க் இருந்து முறுக்கு இல்லை என்றால் அது யார் கை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யோசிக்காமல் இருக்க நான் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவன் இப்போது சந்தைக்கு ஆடு ஏற்றும் மினி டெம்போ ஓட்டுகிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஒரு நாள் போனேன்.

"வாண்ணா" என்றான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி. ஆடுகளை ஏற்றி முடித்து, பின்கதவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே சொன்னேன்.

"அன்னிக்கு ரெண்டாவது சுத்து விட்டது நான்தான்டா."

"தெரியும்."

"எப்பத்திலிருந்து?"

"அன்னிக்கே. மார்க்க மொதல்ல போடறது நீதானே?"

"அப்ப ஏன்டா அங்கயே சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தன்."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "வீடியோவும் பாத்தன். தெரிஞ்ச பையன் ஒருத்தன் அனுப்புனான். கேஸ் வாங்கப் போயிட்டு வந்து மூணாவத விட்டுட்ட."

"எப்ப பாத்த?"

"நீ போட்ட அன்னிக்கே."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கமில்லாமல் வந்தது. "ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா. எம் பொண்டாட்டியும் வண்டில இருந்தா."

அப்போதுதான் அவன் கை நின்றது. "அது எனக்குத் தெரியாதுண்ணா" என்றான். கயிற்றை விட்டுவிட்டு, "நம்பர எடுத்தன். அப்பறம் வெச்சுட்டன்" என்றான்.

கம்பெனியில் வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் சிரித்தான். "அந்த சார் எப்பவோ போயிட்டாரு. கம்பெனிக்கு இது நெனப்பே இருக்காது. எங்கம்மாகிட்ட சொல்லு. நான் வேலைய ஒழுங்கா செய்யாம தொலைச்சுட்டன்னு இன்னும் சொல்லிக்கிட்டிருக்கு. நான் சொன்னா நம்பல." டெம்போவின் முன்கதவைத் திறந்து பிடித்தான். "பாரூர் வழியாதான் போறன். ஏறு, ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

அந்தத் திறந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

"செகண்ட் ஷிஃப்ட் இருக்குடா. அடுத்த வாரம் கண்டிப்பா வர்றன்" என்றேன்.

"சரிண்ணா" என்று கதவைச் சாத்தினான். ஆனால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுத்தான் அவனைப் பார்க்க வந்தேன் என்பதை, வந்ததும் வராததுமாக, நானே அவனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.