வளைவில் காணாமல் போன ஆள்

பஸ் டிரைவர்களுக்குப் பயிற்சி தர நாங்கள் செய்திருக்கும், திரையில் ரோடு ஓடும் சிமுலேட்டரை ஓட்டிப் பார்க்க, இன்று எங்கள் திருப்பதி அலுவலகத்துக்குப் பிச்சாட்டூர்க்கார டிரைவர் ஒருவர் வந்தார். இருபது வருட சர்வீஸ்.

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் திரை முழுவதும் சிவப்பானது. ஆள்மேல் மோதிவிட்டார் என்று அர்த்தம்.

அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ரோடு காலியாதான் இருந்திச்சிம்மா. நான் யாரையும் பாக்கலியே. கண்ணு போயிடுச்சா எனக்கு?"

பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஓரமாக ஒருவர் நடந்து வருகிறார், வளைவில் மறைந்துவிடுகிறார்.

படத்தின் விளிம்புகள் மினுமினுக்காமல் இருக்க, ஒவ்வொரு காட்சியையும் முந்தைய காட்சிகளோடு கலந்து வழவழப்பாக்கும் புரோகிராமைப் போன வாரம் எழுதியது நான். அது அந்த ஒல்லியான உருவத்தையும் மினுமினுப்பு என்றெண்ணித் துடைத்துவிட்டது.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குதுண்ணா. அந்த ஆள அழிச்சது நான்தான்."

அந்தப் புரோகிராமை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். மரங்களின் விளிம்புகளெல்லாம் ரம்பப் பல் போல மினுங்கின.

"தோ, நடந்துகினு வரான் பாரு" என்று பிரேக்கை மிதித்தார்.

நாளை இதைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து எங்கள் மேலாளர் போனில் கூப்பிட்டு, "படம் ஏன் இவ்ளோ அசிங்கமா இருக்கு?" என்பார்.

என்ன சொல்லட்டும்?