காலிக் கூடுகள்

மலேசியாவின் கூலாய் ஊரில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா ஒருவர் மாதம் தவறாமல் வருவார். இஸ்திரி கலையாத சீருடை. கால்சட்டையின் இடது பக்கத்தை மட்டும் முழங்கால்வரை சுருட்டியிருப்பார். கீழே ஆறாத சீழ்ப்புண். டாக்டரும் ஆன்டிபயாடிக்கை மூன்று தடவை மாற்றிப் பார்த்துவிட்டார்.

"ஒழுங்கா எடுக்கிறீங்களாண்ணே?" அன்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து கவுண்டரில் கொட்டினார். சிவப்பும் கருப்பும் பச்சையுமாக கேப்சூல் கூடுகள். எல்லாம் காலி.

"ஒன்னுகூட விடல மிஸ்ஸி. நாலு வேளையும் புண்ணைக் கழுவிட்டு, உள்ள இருக்கிற பொடியத் தூவிக் கட்டுறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முழுங்கலையா?"

"வயிறு நல்லாத்தான் இருக்கு. புண்ணு கால்ல லா, மிஸ்ஸி."

மாதாமாதம் அவரிடம் நான் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். "நாலு வேளை, விடாம, முடியிற வரைக்கும்." அதில் ஒரு சொல்லைக்கூட அவர் மீறவில்லை. முழுங்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.