ஹலீனா கேட்ட ஒரு சொல்

நேற்று விரதச் சமையலை முடித்துவிட்டு என் மனுசனின் பழைய சேட்டொன்றின் கழுத்துப்பட்டியைத் தைத்தேன். துணி மங்கிப்போயிருந்தது, புது நூல் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. கை நின்றுவிட்டது. ஹலீனாவின் ஞாபகம்.

இந்தக் குளிர்நாட்டில் இக்காஸ்ட் என்ற ஊருக்கு வந்த புதிதில், தையல் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெசின் அவளுடையது. வேலைநிறுத்தங்கள் நடத்தி போலந்து அரசாங்கத்தையே ஆட்டிவைத்த ஒரு தொழிற்சங்கத் தலைவரின் மனைவி. எனக்கு அப்போது போலந்து எந்தத் திசையிலென்றும் தெரியாது. ஸ்திரிப்பெட்டியின் ஆவி மணம் வந்தால் இன்றைக்கும் அவள்தான் முன்னால் வந்து நிற்பாள்.

ஒருநாள் நான் வீட்டுப் பழைய துணியொன்றைப் புது நூலால் தைக்க, பாய்ந்து வந்து பிரித்துப்போட்டாள். தேநீர் நேரத்தில்தான் காரணம் சொன்னாள். அவளுடைய மனுசன் சிறையில் இருந்தபோது, வெளியிலிருந்த தோழர்களின் கடிதங்களை அவருடைய சேட்டுக் கழுத்துக்குள் வைத்துத் தைத்து அனுப்புவது இவள்தான். ஒருமுறை, கைக்கு அகப்பட்ட புது வெள்ளை நூலால் தைத்துவிட்டாள். காவலாளியின் கண்ணில் பட்டுவிட்டது. ஐந்து பேர் பிடிபட்டார்கள். ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. பிறகு அவர் விடுதலையானதும் அரசாங்கம் இருவரையும் நாட்டைவிட்டு அனுப்பியது. இங்கே ஒரே வீட்டில் இருந்தும் அவர் இவளோடு பேசுவதில்லை. வேண்டியதைத் துண்டில் எழுதி மேசையில் வைப்பாராம்.

“ஒரு சொல்லுப் போதும். ஏசினாலும் பரவாயில்லை,” என்றாள்.

வீட்டில் சொன்னேன். “நாட்டையே கதைக்க வைச்ச மனுசனாம், பெண்சாதியோடை கதைக்க வாயில்லையோ?” என்றார் என் மனுசன்.

“நீங்கள் மட்டும்? டிவியோடைதானே கதைக்கிறியள்,” என்றேன்.

கோயிலில் அவளுக்காக அர்ச்சனை செய்வித்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். போலந்துக்காரியின் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போக? என்னுடையதையே சொன்னேன். அந்த வருடம் என் முழங்கால் வலி போனதுதான் மிச்சம்.

கடைசியில் ஹலீனாவின் மனுசன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கை விழுந்துவிட்டது. இனி எழுத முடியாது, இனியாவது வாய் திறப்பார் என்று காத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை நான்தான் காரில் கூட்டிப்போனேன். அவள் யன்னலடியில் நின்றாள். அவர் என்னைப் பார்த்து, “யன்னலைச் சாத்தச் சொல்லுங்கோ,” என்றார். அவள் சாத்தினாள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள்: “என்னைத்தானே சொன்னவர்?”

“ஓம், உன்னைத்தான்.”

கொஞ்சத் தூரம் போய் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஓம் என்றேன். அது பொய்யா என்று கடவுளுக்குத்தான் தெரியும். இரண்டு நாளில் அவர் போய்விட்டார்.

பிறகு போலந்தில் ஆட்சி மாறியதும் அவர் நாட்டார் கொடியோடு வந்து, இங்கே புதைத்திருந்த சவப்பெட்டியைத் தோண்டி மரியாதையாக எடுத்துப்போனார்கள். இவளை யாரும் கூப்பிடவில்லை. சில வருடங்களில் அவளும் இங்கேயே அடங்கினாள். இந்த நாட்டில் புதைகுழிக்கும் தவணை உண்டு. முடிந்தபின் சொந்தம் வந்து கேட்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். இந்த வசந்தத்தில் பூக்கொண்டு போனபோது கல் இல்லை, புல் போட்டிருந்தார்கள். எனக்கு யார் அறிவிப்பார்கள், நான் சொந்தமா என்ன? இந்த இடமாகத்தான் இருக்கும் என்று மட்டுக்கட்டி நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.